மாரிக்கு முன்னர் ஜீப்புக்கு டயர் வாங்கப் போகிறவர்களுக்கு



கல்முனையிலிருந்து பொத்துவில் வரை எங்கள் கரையோர ஊர்களில் ஒரு பழக்கம் பரவி வருகிறது. டபள் கெப்போ, பழைய பஜரோவோ, பிராடோவோ கைக்கு வந்ததும் முதல் வேலை டயர் மாற்றுவதுதான். கம்பனி போட்டு அனுப்பிய டயரைக் கழற்றி ஓரத்தில் சாத்திவிட்டு, பெரிய பெரிய பல் வைத்த முரட்டு டயரைப் பூட்டிப் படம் எடுத்துப் போடுகிறார்கள். கீழே வரிசையாக "மாஷா அல்லாஹ்". வாகனம் அழகாகத்தான் நிற்கிறது, அதில் எங்களுக்கும் மறுப்பில்லை.

ஆனால் காலையில் பிள்ளைகள் பாடசாலைக்கு வந்து இறங்குவது அந்த வாகனத்தில்தான். குடும்பத்தோடு மஹியங்கனை பதினெட்டு வளைவால் கண்டிக்குப் போவதும் அதில்தான். அதனால் எங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை. நாங்கள் டயர் வியாபாரிகள் அல்ல. பிள்ளைகளுக்கு உராய்வும் அமுக்கமும் படிப்பிக்கிறவர்கள். டயர் என்பது பெரும்பாலும் அந்த இரண்டு பாடம்தான்.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். இரண்டு தொன் ஜீப் ஒன்று நான்கு டயரில் நிற்கிறது. ஒரு டயரில் 500 கிலோ. காற்று 32 பி.எஸ்.ஐ. என்று வைத்துக்கொண்டால், அந்த டயர் நிலத்தைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 220 சதுர சென்ரிமீற்றர்தான் வரும். பிள்ளைகளின் அப்பியாசக் கொப்பியின் அட்டையை விடச் சிறிய இடம். பிரேக் பிடித்தாலும், வளைவில் திருப்பினாலும், முழு வாகனமும் அந்த நான்கு துண்டு இடத்தை நம்பித்தான் இருக்கிறது. பல்லுக்கும் பல்லுக்கும் இடையில் வெற்றிடம் கூடக் கூட, அந்தத் துண்டுக்குள் உண்மையாகத் தரையைத் தொடுகின்ற இறப்பர் குறைகிறது.

கடையில் மூன்று வகை காட்டுவார்கள். எச்.டி. என்பது வீதி டயர். எம்.டி. என்பது சேற்று டயர், பல் பெரிது, இடைவெளி அகலம். நடுவில் இருப்பது ஏ.டி., அதாவது எல்லா நிலத்துக்குமானது என்று சொல்லி விற்கப்படுவது. "எல்லா நிலத்துக்கும்" என்ற பெயரைக் கேட்டதும் எல்லா இடத்திலும் இதுதான் சிறந்தது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அப்படியில்லை. காபட் வீதியில் அது எச்.டி.யை விடக் கொஞ்சம் குறைவு, சேற்றில் எம்.டி.யை விடக் குறைவு. இரண்டிலும் சமாளிக்கும் என்பதுதான் அதன் சிறப்பு. இரண்டிலும் ஓடுகிறவருக்கு அது நல்ல சாமான். ஒன்றில் மட்டும் ஓடுகிறவர் அதற்குக் கொடுக்கும் காசில் ஒரு பகுதி வீண்.

நீங்கள் எதில் ஓடுகிறீர்கள்? இதற்கு மனச்சாட்சியோடு பதில் சொல்லுங்கள். அக்கரைப்பற்றிலிருந்து கல்முனைக்கு, கல்முனையிலிருந்து அம்பாறைக்கு, மாதம் ஒரு தடவை கண்டிக்கோ கொழும்புக்கோ. முழுக்கக் காபட். வருடத்தில் இரண்டு நாள் அறுகம்பேயில் மணலில் இறங்குவதற்காக, மீதி நாள் முழுக்க எம்.டி. டயரின் இரைச்சலையும் கூடுதல் டீசலையும் சகிக்க வேண்டுமா? இரைச்சலை விடுவோம், அது காது விஷயம். மழை நாளில் ஈரக் காபட்டில் சடுதியாகப் பிரேக் அடித்தால் எம்.டி. டயர் பூட்டிய வாகனம் பொதுவாக வீதி டயரை விடத் தூரம் போய்த்தான் நிற்கும். தரையைத் தொடும் இறப்பர் குறைவு, அந்த இறப்பரும் கல்லுக்கு ஈடுகொடுக்கச் செய்தது, உயரமான பல் பிரேக்கில் வளைந்து நெளிகிறது. பாடசாலை விடுகிற நேரத்தில் அந்தக் கூடுதல் சில மீற்றருக்குள் யார் நிற்பார்கள் என்பதை நாங்கள் சொல்லத் தேவையில்லை.

உண்மையாகவே ஏ.டி. தேவைப்படுகிறவர்கள் எங்கள் பக்கம் இருக்கிறார்கள். பொத்துவிலிலிருந்து வெள்ளைக்காரர்களை ஏற்றிக்கொண்டு குமண பார்க்கப் போகும் சபாரி ஜீப்காரத் தம்பிமாருக்கு அது ஆடம்பரம் அல்ல, பிழைப்பு. ஒகந்தையில் பூங்காவுக்குள் நுழைந்தால் கிரவல், மணல், முள், கூர்க்கல். பின்னால் ஆட்களின் பாரம். அவர்கள் டயரில் முதலில் பார்க்க வேண்டியது பல்லின் தோற்றத்தை அல்ல, பக்கச் சுவரின் பலத்தை. கல் கிழிப்பது பெரும்பாலும் அங்கேதான், கிழிந்தால் ஒட்டவும் முடியாது. அளவுக்கு முன்னால் எல்.டி. என்று போட்டிருக்கும் டயர்கள் பாரமான வாகனத்துக்கென்று சுவர் தடித்துச் செய்தவை. ஆனால் ஒன்று: சாதாரண டயரிலிருந்து எல்.டி.க்கு மாறினால் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் பழைய காற்றளவு பொருந்தாது. அதே பாரத்தைத் தூக்க எல்.டி. டயருக்குக் கூடுதல் காற்று வேண்டும். எவ்வளவு என்பதை டயர் கம்பனியின் அட்டவணையைப் பார்த்துத்தான் அடிக்க வேண்டும், கடைப் பையனின் கைப்பழக்கத்தில் அல்ல.

மணலைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. பல் பெரிதென்றால் மணலில் ஏறும் என்று நினைக்கிறார்கள். பெரிய பல் மணலைத் தோண்டும். தோண்டினால் அச்சு வரைக்கும் இறங்கும். மணலில் கைகொடுப்பது காற்றைக் குறைப்பது. 32 இலிருந்து 18, 20 பி.எஸ்.ஐ. வரை இறக்கினால் டயர் நீளமாகப் படிந்து பரப்புக் கூடுகிறது, அமுக்கம் குறைகிறது, வாகனம் மணலின் மேலால் போகிறது. சாதாரண வீதி டயரே இப்படிப் பல இடத்தில் ஏறிவிடும். ஆனால் திரும்பிக் காபட்டில் ஏறுவதற்கு முன் காற்றடிக்க வேண்டும். குறைந்த காற்றோடு வேகமாக ஓடினால் சுவர் சூடாகி வெடிக்கும். ஆகவே கையோடு ஒரு சின்னக் காற்றுப் பம்பும் அளவுகோலும் வைத்திருப்பது, முரட்டு டயரை விட மலிவான முதலீடு.

வட்டைக்குள் போகிற போடிமாருக்கு என்ன சொல்வது? மழை விழுந்த வயல் ஓரத்துக் களிமண்ணில் ஏ.டி. டயரின் தவாளிப்புகள் இரண்டு சுற்றில் அடைத்து உருண்டையாகிவிடும். எம்.டி. கொஞ்சம் கூடத் தாக்குப் பிடிக்கும். ஆனாலும் எங்கள் வட்டைச் சேறு யாருடைய ஜீப்பையும் மதிக்காது. அதற்குத்தான் லேண்ட்மாஸ்டரையும் உழவு இயந்திரத்தையும் வைத்திருக்கிறோம். ஜீப்பைக் கிரவல் வீதியில் நிறுத்திவிட்டு வரம்பால் நடப்பது உடம்புக்கும் நல்லது.

அடுத்தது டயரின் சுவரில் எழுதியிருப்பதை வாசிப்பது. மூன்று மாதச் சம்பளத்தைக் கொடுத்து வாங்கும் சாமானில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்காமல் எப்படி வாங்குகிறோம் என்பது எங்களுக்கு இன்னும் விளங்கவில்லை. 265/65R17 112S என்று இருந்தால், 265 மில்லிமீற்றர் அகலம், அதில் 65 வீதம் சுவர் உயரம், 17 அங்குல ரிம். 112 என்பது ஒரு டயர் தாங்கும் பாரம், 1120 கிலோ. எஸ் என்பது மணிக்கு 180 கிலோமீற்றர் வரை என்ற வேகக் குறி. கம்பனி 112 போட்டிருந்தால் அதற்குக் குறைந்த இலக்கத்தை விலை மலிவென்று வாங்கவே கூடாது. சீமெந்தும் உரமும் ஏற்றுகிற கெப்புக்கு இது உயிர் விஷயம்.

"இன்னும் கொஞ்சம் பெரிதாகப் போடுவோம்" என்பவர்களுக்கும் கணக்கு இருக்கிறது. 265/65R17 டயரின் விட்டம் ஏறத்தாழ 776 மில்லிமீற்றர். 265/70R17 என்றால் 803. வித்தியாசம் மூன்றரை வீதம் அளவில். மீற்றர் 60 காட்டும்போது உண்மையில் 62இல் போகிறீர்கள். அதோடு டயர் பாரம் கூடுகிறது, பிரேக்குக்கு வேலை கூடுகிறது, ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினால் உள்மட்கார்டில் உரசுகிறதா என்றும் பார்க்க வேண்டும். கம்பனி அளவிலேயே நல்ல ஏ.டி. டயர்கள் இருக்கும்போது இந்த வம்பு எதற்கு?

டி.ஓ.டி. என்ற எழுத்துகளோடு தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கத்தையும் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. சில டயரில் இது ஒரு பக்கச் சுவரில் மட்டும்தான் முழுமையாக இருக்கும், குனிந்து உள்பக்கமும் பார்க்க வேண்டும். பாவித்த டயர் விற்பவர்கள் பல்லின் ஆழத்தைத்தான் காட்டுவார்கள், திகதியைக் காட்டமாட்டார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று 2025இல் திரும்பத் தொடங்கும்வரை, இருந்த வாகனத்தைத்தான் திருத்தித் திருத்தி ஓடினோம். அதில் பல டயர்களுக்கும் வயது போய்விட்டது. இறப்பர் ஓடாமல் நின்றாலும் இறுகும், வெயிலில் வெடிக்கும். ஐந்து வருடம் தாண்டினால் வருடத்துக்கு ஒரு தடவை தெரிந்தவரிடம் காட்டச் சொல்லியும், பத்து வருடத்தில் எப்படியிருந்தாலும் கழற்றச் சொல்லியும் தயாரிப்பு நிறுவனங்களே அறிவுறுத்துகின்றன. பழைய பெரிய பெயரை விட, களனியில் இங்கேயே செய்த இந்த வருட டயர் எங்கள் கண்ணில் மேல்.

கடையில் மலைக்குள் பனிப்பூ வரைந்த அடையாளத்தைக் காட்டி விலை கூட்டினால் சிரித்துக்கொண்டு நகருங்கள். அது பனியில் சோதித்ததற்கான அடையாளம். நுவரெலியாவில் விழுவது பனிப்புகார்தான்.

காசு போதாதென்று இரண்டு டயர் ஏ.டி., இரண்டு டயர் வீதி டயர் என்று கலந்து பூட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். ஈரத்தில் முன்பக்கம் ஒரு மாதிரியும் பின்பக்கம் ஒரு மாதிரியும் பிடித்தால் வாகனம் சுழலும். பிராடோ போன்று எந்நேரமும் நான்கு சில்லும் இழுக்கும் வாகனத்தில், விட்டம் வித்தியாசப்பட்டால் இடையிலுள்ள கியர்ப் பெட்டியும் தேய்ந்து, டயரில் மிச்சம் பிடித்த காசை விடக் கூடச் செலவு வரும். நான்கும் ஒன்றாக வாங்க முடியாவிட்டால் நான்கையும் வீதி டயராக வாங்குங்கள், வெட்கமில்லை.

கடைசியாக ஒன்று. இதற்காகத்தான் முக்கியமாக இந்தப் பதிவு.

முரட்டு டயர் பூட்டியவருக்கு மனதில் ஒரு தைரியம் வந்துவிடுகிறது. வெள்ளம் பாயும் வீதியில் மற்றவர்கள் நின்றுகொண்டிருக்க, "நம்மட ஜீப் போகும்" என்று இறங்குகிறார். 2024 நவம்பர் 26ஆம் திகதி மாவடிப்பள்ளியில் எங்கள் மத்ரஸாப் பிள்ளைகளை இழந்தோம். அல்லாஹ் அவர்களைப் பொருந்திக்கொள்வானாக. அன்று தண்ணீருக்குள் போனது உழவு இயந்திரம். எந்த ஜீப்பின் டயரையும் விட உயரமான, பல் பெரிய டயர் அதில்தான் இருக்கிறது.

இதுவும் பாடப் புத்தகத்தில் உள்ளதுதான். ஜீப்பின் அடித்தளம் கிட்டத்தட்ட எட்டுச் சதுர மீற்றர். தண்ணீர் அடித்தளத்துக்கு மேல் பத்துச் சென்ரிமீற்றர் ஏறினால், உள்ளே தண்ணீர் புகும்வரை, 800 கிலோ அளவுக்கு மேலுதைப்பு வருகிறது. 25 சென்ரிமீற்றரில் இரண்டு தொன் வாகனமும் கிட்டத்தட்ட மிதக்கிறது. டயரை நிலத்தோடு அழுத்துவதற்கு நிறையே இல்லை என்றால் உராய்வு எங்கிருந்து வரும்? பக்கத்தால் தள்ளும் வெள்ளத்துக்கு அப்போது டயரின் விலை தெரியாது. ஓடும் தண்ணீர் இரண்டடி இருந்தால் பெரும்பாலான ஜீப்பையும் கெப்பையும் அடித்துக்கொண்டு போய்விடும். இரவில், வீதியின் ஓரம் அரித்துப் போனதும் தெரியாத நேரத்தில், இரண்டடியா மூன்றடியா என்று யார் அளப்பது?

ஆகவே காக்காமாரே, தம்பிமாரே, வீதி மேல் தண்ணீர் ஓடினால் எந்த டயரோடும் இறங்காதீர்கள். பக்கத்தில் அமர்ந்திருக்கும் உம்மாவும் மனைவியும் "வேணாம்" என்றால் அந்த வார்த்தையைக் கேளுங்கள். மற்றவர்களின் பிள்ளைகளை ஏற்றியிருந்தால் யோசிக்கவே வேண்டாம், திருப்புங்கள். மீட்பு வேலைக்குப் போகும் வாலிபர்களும் வாகனத்தைக் கரையில் விட்டு, படகும் கயிறும் உள்ளவர்களோடு சேர்ந்து போங்கள்.

மாரி தொடங்க முன் இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு அரை மணித்தியாலம் எடுங்கள். நான்கு டயரின் திகதியையும் வாசியுங்கள். தவாளிப்புக்குள் இருக்கும் சின்ன மேடுகளோடு பல் சமமாகிவிட்டதா என்று பாருங்கள், அந்த மேடு 1.6 மில்லிமீற்றர், அதற்கு வந்தால் டயர் முடிந்தது. மழைக்கு அதற்கும் முன்பே மாற்றுவது நல்லது. காற்றை டயர் குளிர்ந்திருக்கும்போது அளவுங்கள். ஜீப்பின் அடியில் தொங்கும் ஸ்பெயார் டயரையும் இறக்கிப் பாருங்கள். வாகனம் வாங்கிய நாளிலிருந்து யாரும் தொடாத டயர் பல வீடுகளில் அதுதான்.