மகுடத்தில் பங்கு கேட்பதா, கணக்குக் கேட்பதா?

2024 ஆகஸ்டில் பிரயாக்ராஜ் கூட்டத்தில் ராகுல் காந்தி பேசினார். மிஸ் இந்தியா பட்டியலைப் பார்த்தாராம். தலித், ஆதிவாசி, பிற்படுத்தப்பட்ட பெண் ஒருத்திகூட இல்லையாம். ஒன்றிய அமைச்சர் கிரண் ரிஜிஜு உடனே கேலி செய்தார்: மிஸ் இந்தியாவை அரசாங்கமா தேர்ந்தெடுக்கிறது?

நம் தோழர்களிலும் ரெண்டு கட்சி. 'அங்கேயும் நம்ம ஆள் வேணும்' என்பது ஒன்று. 'அழகிப் போட்டியே அசிங்கம், நமக்கென்ன அங்கே வேலை' என்பது இன்னொன்று. இரண்டுமே பாதி வழியில் நின்றுவிடுகின்றன.

ரிஜிஜு சொன்னது ஒருவகையில் உண்மை. அரசாங்கம் தேர்ந்தெடுக்கவில்லை. அப்படியானால் 'இந்தியா' என்கிற பேரை எடுத்து ஒரு பெண்ணின் தலையில் வைக்க அதிகாரம் கொடுத்தது யார்? 1964 முதல் இந்தப் போட்டியை நடத்துவது டைம்ஸ் ஆஃப் இந்தியா குழுமத்தின் ஃபெமினா. முதலாளி வீட்டுப் பத்திரிகை. 1966இல் உலக அழகியானார் ரீட்டா ஃபாரியா, மருத்துவ மாணவி. அந்த வருஷமே அவரை வியட்நாமுக்குக் கொண்டுபோய் அமெரிக்கச் சிப்பாய்கள் முன்னால் மேடையில் நிறுத்தினார்கள். அழகுக்கு அரசியல் இல்லையென்று யார் சொன்னது?

அதன்பின் 28 வருஷம் உலக அழகிப் பட்டம் இந்தப் பக்கமே வரவில்லை. 1991இல் சந்தையைத் திறந்துவிட்டார்கள். 1994இல் சுஷ்மிதா சென் பிரபஞ்ச அழகி, ஐஸ்வர்யா ராய் உலக அழகி. 2000க்குள் இன்னும் நாலு மகுடம். இந்த நாட்டுப் பெண்கள் திடீரென்று அழகாகிவிட்டார்களா? கிரீமும் ஷாம்பும் விற்க முகம் தேவைப்பட்டது, அவ்வளவுதான். 1975இல் வந்த ஃபேர் அண்டு லவ்லி 2020இல் பேரை மாற்றிக்கொண்டது. கறுப்பைக் கண்டு முகம் சுளிக்கிற புத்தி மாறிடுச்சா?

1996இல் பெங்களூரில் உலக அழகிப் போட்டி நடந்தது. அமிதாப் பச்சனின் கம்பெனி நடத்தியது. எதிர்ப்புக்குப் பயந்து நீச்சலுடைச் சுற்றை செஷல்ஸ் தீவுக்கு மாற்றினார்கள். மதுரையில் ஓர் இளைஞர் தீக்குளித்துச் செத்தார். பெண்ணைச் சரக்காக்காதே என்று பெண்கள் அமைப்புகள் போராடியது நியாயம். ஆனால் இந்துத்துவக்காரர்கள் 'பாரதப் பண்பாடு போச்சு' என்று கத்தினார்களே, எந்தப் பண்பாடு?

1930இல் ராமநாதபுரத்தில் ஆதிக்க சாதிக்காரர்கள் ஆதிதிராவிடர்களுக்குத் தடைகள் போட்டார்கள். பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போட்டு மாரை மூடக்கூடாது. பொன் நகை கூடாது. பூ வைக்கக்கூடாது. மீறினால் குடிசைக்குத் தீ. உடுத்தினால் குற்றம் என்று நம்மை அடித்தவர்கள்தான் உடுத்தவில்லை என்று மேடையைப் பார்த்து அழுகிறார்கள். இந்த ஒழுக்கக் கூச்சலில் நமக்குப் பங்கில்லை. நாளைக்கு நம்ம தெருப் பொண்ணு அந்த மேடை ஏறினா, 'மானம் போச்சு'ன்னு மறிக்கிற ஆள் நாமாக இருக்கக்கூடாது. பூ வைக்கவும் நம் பெண்களுக்குப் போராட வேண்டியிருந்தது.

ஆனால் ஒருத்தி மேடை ஏறினால் விடுதலையா? ஆரணியில் கூலித்தறிக் குடும்பத்தில் பிறந்தவள் நான். பட்டும் ஜரிகையும் முதலாளி கொடுப்பார். குழியில் உட்கார்ந்து மிதிப்பது எங்கப்பா. தார் சுத்துறது எங்கம்மா. அம்மாவுக்குத் தனிக் கூலி கிடையாது, எல்லாம் சேலைக் கூலியிலேயே அடக்கம். கடைக் கண்ணாடிக்குள் போனதும் சேலை அழகு. நெய்த கையை அழகென்று ஒருத்தனும் சொன்னதில்லை. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு வாங்கியாச்சு. எங்கம்மா கைக்கு எந்தக் குறியீடு?

மகுடத்துக்கும் சேலைக்கும் ஒரே கணக்குதான். அழகு எது என்று முடிவு செய்கிறவன் ஒருத்தன், அதை விற்று லாபம் பார்க்கிறவனும் அவனே. அவன் சாதி என்ன, நடுவர் நாற்காலியில் உட்கார்ந்தவன் சாதி என்ன, விளம்பரக் கம்பெனியில் எத்தனை பேர் நம்மவர்கள்? தனியார் துறையில் இட ஒதுக்கீடு எங்கே? ராகுல் காந்தி நிறுத்திய இடத்திலிருந்து நாம் கேட்க வேண்டிய கேள்விகள் இவை.

மாணவத் தோழர்களே, பட்டியலில் நம்ம பேர் இருக்கான்னு தேடுறதோட நிக்காதீங்க. பட்டியல் போடுறவனைக் கேளுங்க. ஆரணிக்கு வந்தால், தார் சுத்துற பெண்களுக்குத் தனிக் கூலி கேட்கிற வேலையில் எங்களோடு சேருங்க.