வலி நின்றதும் டாக்டரை மறந்துடாதீங்க! ரூட் கெனாலில் வைக்கும் மருந்து என்ன செய்கிறது?

ரூட் கெனால் சிகிச்சையில் முதல் சிட்டிங் முடிந்ததுமே பலருக்கு வலி அடங்கிவிடும். ‘உள்ளே மருந்து வெச்சிருக்கேன், அடுத்த வாரம் வாங்க’ என்று டாக்டர் சொல்லி அனுப்புவார். ஆபீஸ் வேலை, பிள்ளைகளின் பரீட்சை, ஊரில் கல்யாணம் என்று அந்த ‘அடுத்த வாரம்’ மாதக்கணக்கில் தள்ளிப்போகும். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

மாத்திரை மட்டும் போதாதா?

சொத்தை ஆழமாகி, பல்லின் நடுவில் இருக்கும் பல்கூழைத் தொட்டுவிட்டால் கிருமிகள் உள்ளே குடியேறிவிடும். பல்கூழ் அழுகியபின் அங்கே ரத்த ஓட்டம் இருக்காது. ஆன்டிபயாடிக் மாத்திரை ரத்தத்தின் வழியாகத்தான் போய்ச் சேரும். ரத்தம் போகாத இடத்துக்கு மருந்தும் போகாது. அதனால்தான் பல்லைத் திறந்து, வேருக்குள்ளேயே மருந்து வைக்கிறார்கள்.

முதலில் கழுவுவார்கள்

வேரின் உள்குழாயை மெல்லிய ஊசி போன்ற கருவியால் சுத்தம் செய்தபடியே, சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலால் கழுவுவார்கள். துணி வெளுக்கும் ப்ளீச்சில் இருப்பதும் இதுதான். பொதுவாக 0.5 முதல் 5.25 சதவிகிதம் வரையிலான கரைசலைப் பயன்படுத்துவார்கள். இது கிருமியைக் கொல்லும், அழுகிய சதையையும் கரைக்கும். ஈறில் பட்டால் புண்ணாகும் என்பதால், பல்லைச் சுற்றி ரப்பர் ஷீட் மாட்டுவார்கள்.

உள்ளே வைப்பது சுண்ணாம்பு!

வேர்க்குழாயில் கருவி நுழைய முடியாத சின்னச் சின்னக் கிளைகள் உண்டு. அங்கே மிச்சமிருக்கும் கிருமிகளுக்காக வைப்பதுதான் கால்சியம் ஹைட்ராக்சைடு. வெற்றிலையில் தடவும் சுண்ணாம்பும் வேதியியல்படி இதேதான். இதன் காரத்தன்மை சுமார் 12.5 பி.ஹெச். அதில் பெரும்பாலான கிருமிகள் பிழைக்காது. ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்மன் 1920-ல் இதைப் பல் மருத்துவத்துக்குக் கொண்டுவந்தார். மருந்து மெதுவாக வேலை செய்யும் என்பதால் குறைந்தது ஒரு வாரமாவது வைத்திருப்பது வழக்கம். அதற்காக வீட்டுச் சுண்ணாம்பைப் பல்லில் வைத்துவிடாதீர்கள், வாய் வெந்துவிடும்.

என்டரோகாக்கஸ் ஃபீகாலிஸ் என்ற கிருமி இந்தக் காரத்தையும் தாக்குப்பிடிக்கும். அப்படிப்பட்ட பற்களுக்கு 2 சதவிகித குளோர்ஹெக்சிடின் போன்ற வேறு மருந்துகளை டாக்டர் தேர்ந்தெடுப்பார்.

ஏன் தள்ளிப்போடக் கூடாது?

மருந்துக்கு மேல் போடுவது தற்காலிக அடைப்புதான். நாளாக ஆக அது தேய்ந்து, விரிசல் விடும். அந்த வழியாக எச்சிலும் கிருமியும் உள்ளே கசியும். மருந்தின் வீரியமும் குறைந்துவிடும். மறுபடி சீழ் பிடித்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். சில நேரம் பல்லையே எடுக்க வேண்டி வரும்.

இதைக் கவனியுங்கள்

* எல்லாப் பல்லுக்கும் பல சிட்டிங் தேவைப்படாது. உங்களுக்கு எத்தனை என்று முதல் நாளே கேளுங்கள்.
* மருந்து அலர்ஜி இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள்.
* அடைப்பு விழுந்துவிட்டால், வலி இல்லாவிட்டாலும் உடனே டாக்டருக்கு போன் செய்யுங்கள்.
* முகவீக்கம், காய்ச்சல், விழுங்கச் சிரமம் இருந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.
* குழாயை நிரந்தரமாக அடைத்தபின், டாக்டர் சொன்னால் கேப்பும் போட்டுக்கொள்ளுங்கள். சிகிச்சை அதோடுதான் முடிகிறது.