இருநூறு மணிநேரத்தின் சாதி

"அக்கா, படிச்சா மட்டும் பைலட் ஆக முடியாதாம்க்கா. மணி வாங்கணுமாம். இருநூறு மணி."

செம்மேட்டில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது அந்தப் பெண் இப்படிச் சொன்னாள். எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. மணியென்றால் என்ன மணி, கோயில் மணியா, பாசி மணியா என்று கேட்டுவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. கொல்லிமலையில் மிளகு பறிக்கிற வீட்டுப் பிள்ளை. உண்டு உறைவிடப் பள்ளியில் படித்து, இயற்பியலும் கணக்கும் எடுத்து பிளஸ் டூ தேறியவள். விமானி உரிமத்துக்குக் கேட்கிற படிப்பு அவ்வளவுதான். அது அவளிடம் இருக்கிறது. இல்லாதது அந்த மணி.

விஷயம் இதுதான். இந்தியாவில் வணிக விமானி உரிமம் வாங்க 200 மணிநேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணிநேரம் தானே பொறுப்பாக நின்று ஓட்டியிருக்க வேண்டும். ஊர்விட்டு ஊர் பறந்தது 20 மணிநேரம்; அதற்குள் 300 கடல் மைல் தூரம் ஒரே பயணமாக, இரண்டு வேறு நிலையங்களில் இறங்கி ஏறியிருக்க வேண்டும். இரவில் 5 மணிநேரம். எல்லாம் 'லாக் புக்' என்கிற பதிவேட்டில் ஏற வேண்டும். இதைத்தான் அவர்கள் 'அனுபவம்' என்கிறார்கள். அனுபவத்துக்கு ஆகும் செலவு 40 லட்சம் தொடங்கி 60 லட்சம் வரை. அப்புறம் பெரிய விமானம் ஓட்டத் தனிப் பயிற்சி, அதற்கு இன்னும் பல லட்சம். பெரிய கம்பெனிகளே நடத்தும் பயிற்சித் திட்டங்களில் சேர்ந்தால் கோடியைத் தொடும்.

ஒரு கணக்குப் போட்டேன். நான் தமிழ் எம்.ஏ., கணக்கில் சுமார்தான், நீங்களும் போட்டுப் பாருங்கள். 40 லட்சம் என்றே வைத்துக்கொண்டால் ஒரு மணிநேரம் பறக்க 20,000 ரூபாய். 2024-25இல் தமிழ்நாட்டில் நூறுநாள் வேலைக்குக் கூலி நாளுக்கு 319 ரூபாய். ஒரு மணிநேரப் பறப்புக்கு அவளுடைய அம்மா 63 நாள் மண் வெட்ட வேண்டும். ஆண்டுக்கு நூறு நாளும் முழுசாக வேலை கொடுத்து, அந்தக் காசில் ஒரு வாய் கஞ்சிகூடக் குடிக்காமல் சேர்த்தால், இருநூறு மணிக்கு 125 ஆண்டு ஆகும்.

இங்கே ஒரு தந்திரம் இருக்கிறது, கவனியுங்கள். விமானத்தில் கேப்டன் ஆவதற்கான உரிமத்துக்கு 1500 மணிநேரம் வேண்டும். முதல் இருநூறை நம் காசு கொடுத்து வாங்க வேண்டும். கோ-பைலட் வேலை கிடைத்துவிட்டால் மிச்சம் ஆயிரத்து முந்நூறும் தானாகச் சேரும், அதற்கு அவர்கள் நமக்குச் சம்பளம் கொடுப்பார்கள். அதாவது வாசலைத் தாண்டுகிறவரைக்கும்தான் காசு. உள்ளே போய்விட்டவனுக்கு அனுபவம் கூலியோடு வருகிறது. அக்கிரகாரத்து வாசலும் இப்படித்தான் இருந்தது.

அனுபவம் வேண்டாமா, உயிர் சம்பந்தப்பட்டதாயிற்றே என்று கேட்பார்கள். வேண்டும். யார் வேண்டாம் என்றது? காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவில் பனியிலும் மழையிலும் பஸ்ஸை ஏற்றி இறக்குகிற டிரைவர் அண்ணனுக்கு அனுபவத்தின் அருமை தெரியும், எனக்கும் தெரியும். என் கேள்வி வேறு. அனுபவத்தை ஏன் விலைக்கு விற்கிறாய்? அமெரிக்காவில் 2009 பிப்ரவரியில் பஃபலோ நகரத்தருகே ஒரு விமானம் விழுந்து 50 பேர் செத்தார்கள். அதற்குப் பிறகு 2013இல் கோ-பைலட்டுக்கே 1500 மணிநேரம் வேண்டும் என்று விதி செய்தார்கள். விழுந்த விமானத்தை ஓட்டிய இரண்டு பேருக்கும் ஆயிரத்தைந்நூறுக்கு மேலேயே மணி இருந்தது என்பது தனிக்கதை. ஆனால் அங்கே உரிமம் வாங்கியவர்கள் பிறருக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்தும், விளம்பரத் துணியை வானத்தில் இழுத்துக்கொண்டு போயும், கூலி வாங்கிக்கொண்டே மணி சேர்க்கிறார்கள். இங்கே உரிமம் வாங்கியும் வேலையில்லாதவர்கள், உரிமம் காலாவதியாகாமல் இருப்பதற்கே மறுபடி காசு கொடுத்துப் பறக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2011இல் ராஜஸ்தானில் ஒரு பயிற்சிப் பள்ளியில் பறக்காத மணிகளைப் பறந்ததாக எழுதிக்கொடுத்தது வெளியே வந்து கைதுகள் நடந்தன. போலி மதிப்பெண் சான்றிதழ் காட்டி உரிமம் வாங்கி, பயணிகளை ஏற்றிக்கொண்டு பறந்தவர்களும் அதே ஆண்டு பிடிபட்டார்கள். பேனாவால் பறந்த மணிகள்! இடஒதுக்கீட்டில் வந்தவன் ஓட்டும் விமானத்தில் ஏறுவாயா என்று கேட்டுக் கேட்டு நம் காதைத் துளைத்தவர்கள், அப்போது அந்த விமானங்களில் ஏறிக்கொண்டுதான் இருந்தார்கள். தகுதி, திறமை என்று வாய் கிழிந்தவன் ஒருத்தனும் வாய் திறக்கவில்லை.

ஏர் இந்தியா அரசிடம் இருந்தவரை பேருக்காவது இடஒதுக்கீடு இருந்தது. 2022 ஜனவரியில் அது டாட்டாவிடம் போனது, இடஒதுக்கீடும் கூடவே போனது. இந்தியாவில் முதல் விமானி உரிமம் வாங்கியவர் ஜே.ஆர்.டி. டாட்டா, 1929இல். தொடங்கின வீட்டுக்கே திரும்பிப் போய்விட்டது. உள்ளே நுழைந்துவிட்ட நம்மாட்களுக்கு என்ன நடக்கிறது? 2025 ஜூனில் ஒரு பெரிய விமானக் கம்பெனியில் பயிற்சி விமானியாக இருந்த தலித் இளைஞர், தன்னை மேலதிகாரிகள் நீ விமானம் ஓட்ட லாயக்கில்லை, போய்ச் செருப்புத் தை என்று சொன்னார்கள் என வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் புகார் கொடுத்தார். கம்பெனி மறுத்தது. மறுக்கட்டும். அப்படியொரு வசவு எந்த வாயிலிருந்து வரும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இனி நம்மாட்களிடம் வருகிறேன். கோபம் அதிகம் அங்கேதான்.

இந்தப் பெண்ணுக்காக உதவி கேட்டுப் போனபோது ஒரு தோழர் சொன்னார்: "மலையில ஆம்புலன்ஸே ஒழுங்கா வர்றதில்ல. இதுல பிளேன் ஓட்டணுமாக்கும். மேட்டுக்குடி ஆசையம்மா இது." தோழரே, 1913இல் பரோடா மன்னர் கொடுத்த உதவித்தொகையில் அண்ணல் கொலம்பியாவுக்குக் கப்பலேறினார். அன்றைக்கு மகர் சேரியில் குடிக்கத் தண்ணீர் இருந்ததா? மகாத் குளத்தில் கைவைத்ததே 1927இல்தானே? தண்ணீர் வந்த பிறகு படிக்கப் போகலாம் என்று அவர் உட்கார்ந்திருந்தால் குளமும் கிடைத்திருக்காது, சட்டமும் கிடைத்திருக்காது. ஆம்புலன்ஸும் கேட்போம், விமானமும் கேட்போம். இது முதலில் அது அப்புறம் என்று வரிசை போட்டுக் கொடுக்க நீங்கள் யார்?

இன்னொருவர் வேறுமாதிரி கேட்டார். மலையாளிப் பழங்குடியினர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த வேளாளர் வழி என்று கதை சொல்லிக்கொள்கிறவர்கள்தானே, அவர்களுக்காக நீ ஏன் அலைகிறாய்? உண்மைதான். அந்த மலையில் ஒரு வீட்டில் எனக்கு மட்டும் பேப்பர் கப்பில் காபி வந்தது. குடித்தேன், கேட்டும்விட்டேன். அந்தச் சண்டை தனியாக நடக்கும். அதற்காக அந்தப் பிள்ளையின் இருநூறு மணியை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அந்த மலையிலிருந்து எடுத்துக்கொண்டு போனதற்குக் கணக்குண்டா? மேட்டூர் அலுமினிய ஆலைக்காகச் சேர்வராயன் மலையையும் கொல்லிமலையையும் வெட்டி பாக்சைட் கொண்டுபோனார்கள். 2008இல்தான் அது நின்றது. பயிற்சிக்கு ஓட்டுகிற செஸ்னாவின் உடம்பு அலுமினியம். மலையைக் கொடுத்தவர்களுக்கு அந்த அலுமினியத்துக்குள்ளே உட்கார ஒரு மணிநேரம் 20,000 ரூபாய்.

வங்கிக்கும் போனோம். ஏழரை லட்சத்துக்கு மேல் கல்விக்கடன் என்றால் சொத்துப் பிணை கேட்பார்கள். மலையில் இருப்பது நிபந்தனைப் பட்டா. மேலாளர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஏர்ஹோஸ்டஸ் கோர்ஸுக்குப் போகலாமேம்மா, கலரா இருக்கியே" என்றார். அவள் பட்டாவை மடித்து வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

தாட்கோ நம் பிள்ளைகளுக்கு விமானப் பணிப்பெண் பயிற்சியும், பயணிகளைக் கவனிக்கிற பயிற்சியும் இலவசமாகத் தந்திருக்கிறது. நல்லதுதான், அதில் போய்ச் சம்பாதிக்கிற பிள்ளைகளை நான் குறைசொல்லவில்லை. ஆனால் தட்டு ஏந்தும் இடத்துக்கு இலவசம், ஓட்டும் இடத்துக்கு நாற்பது லட்சம் என்றால் அந்த இடைவெளிக்கு என்ன பெயர்? அரசிடம் காசில்லை என்று சொல்ல முடியாது. அண்ணல் அம்பேத்கர் பெயரிலான அயல்நாட்டு உயர்கல்வித் திட்டத்தில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவருக்கு 36 லட்சம் வரை தருகிறார்கள், முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும். கேரளத்தில் திருவனந்தபுரம் ராஜீவ் காந்தி விமானப் பயிற்சி நிறுவனத்தில் தலித், பழங்குடி மாணவர்களுக்கு அரசே செலவழிக்கிறது. ஒடிசாவின் மல்கான்கிரியிலிருந்து போலீஸ் ஹவில்தாரின் மகள், ஆதிவாசிப் பெண் அனுப்பிரியா லக்ரா, 2019இல் கோ-பைலட் ஆனார். பொறியியல் படிப்பைப் பாதியில் விட்டு 2012இல் பயிற்சியில் சேர்ந்தவர். ஏழாண்டு. அந்த ஏழாண்டும் ஒரு ஹவில்தார் சம்பளத்துக் குடும்பம் எப்படித் தாக்குப்பிடித்தது என்பதை எந்தப் பேப்பரும் சரியாக எழுதவில்லை, 'சாதனைப் பெண்' என்று படம் போட்டதோடு சரி.

பெஸ்ஸி கோல்மனை நம் மாணவர்கள் படிக்க வேண்டும். பருத்திக்காட்டுக் கறுப்பினக் குடும்பம். சிகாகோவில் நகம் அழகுபடுத்தும் கடையில் வேலை. அமெரிக்காவில் ஒரு பள்ளியும் சேர்க்கவில்லை. கறுப்பினப் பத்திரிகையான சிகாகோ டிஃபென்டரின் ஆசிரியர் பிரான்சுக்குப் போகச் சொன்னார். பிரெஞ்சு படித்தார், போனார், 1921 ஜூனில் உரிமம் வாங்கினார், அதோடு ஊர் திரும்பினார். ஒரு பத்திரிகை செய்த வேலை அது. நாம் நடத்துகிற பத்திரிகைகளும் கவிதைக்கும் கதைக்கும் நடுவே இந்த மாதிரி வேலையும் செய்யலாம்.

அடுத்த பதினைந்து இருபது ஆண்டில் 30,000 விமானிகள் வேண்டும் என்கிறார் மத்திய அமைச்சர். 2025 டிசம்பரில் விமானிகள் போதாமல் ஒரே கம்பெனியின் விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தாயின. பயிற்சிப் பள்ளிக்கென்று விமான நிலைய ஆணையம் 2022இல் தேர்ந்த இடங்களில் நம் சேலமும் ஒன்று. மலையிலிருந்து இறங்கினால் எட்டுகிற தூரம்.

நாமக்கல் ஆட்சியரிடம் மனு கொடுத்திருக்கிறோம். சேலத்திலேயே, தகுதியுள்ள பழங்குடி, ஆதிதிராவிட மாணவர்களின் இருநூறு மணிநேரத்துக்கும் அரசு பணம் கட்ட வேண்டும், பிணை கேட்கக் கூடாது, வேலை கிடைக்கிறவரை உரிமத்தைப் புதுப்பிக்கிற செலவையும் ஏற்க வேண்டும். இவ்வளவுதான் மனு. ஒப்புகைச் சீட்டு கொடுத்தார்கள், பதில் வரவில்லை. வருகிற திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு மறுபடி போகிறோம். சேந்தமங்கலம், ராசிபுரம் பக்கத்துத் தோழர்கள் காலை பத்து மணிக்கு ஆட்சியர் அலுவலக வாசலுக்கு வந்துவிடுங்கள். அந்தப் பெண் முதல் பஸ்ஸிலேயே இறங்கிவிடுவாள்.