ஒன்பது மணிக்குப் பிறகு மன்னார்

இரவு ஒன்பதே கால். மன்னார் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக்கடையில் கொத்துத் தட்டும் சத்தம் ஓய்ந்துவிட்டது. "கொத்து முடிஞ்சுது அண்ணன். ரொட்டி மூண்டு இருக்கு, மீன் குழம்பு இருக்கு, வைக்கவா?" என்றார் கடைக்கார நானா. வைக்கச் சொன்னேன். சாப்பிட்டுக் கை கழுவி வருவதற்குள் முன்கதவு பாதி இறங்கியிருந்தது. குனிந்து வெளியே வந்தால் தெரு கழுதைகளின் வசம். ஐந்தாறு நடுவீதியில் நிற்கின்றன. ஓட்டோக்காரர் ஒருவர் ஹோர்ன் அடிக்காமல் விலத்திக்கொண்டு போகிறார். அடித்தும் பயனில்லை என்பது ஊர்க்காரருக்குத் தெரியும். (அரபு வணிகரோடு வந்த கழுதைகள் என்று சொல்வார்கள். அவற்றுக்கென்றே ஒரு சிகிச்சை நிலையமும் இங்கே உண்டு.)

கூட வந்த கொழும்பு நண்பர் கேட்டார்: "ராவில இங்க ஒண்டுமே இல்லையா?"

இதே கேள்வியை அரசாங்கங்களும் கேட்டிருக்கின்றன. 2022 நெருக்கடிக்குப் பின் சுற்றுலாத்துறை இராஜாங்க அமைச்சராக இருந்த டயானா கமகே, நாட்டுக்கு இரவு வாழ்க்கை வேண்டும் என்று ஓயாமல் பேசினார். அவர் பதவி போய்விட்டது, பேச்சு போகவில்லை. வடக்குக் கடற்கரையைப் பற்றி எந்தச் சுற்றுலாத் திட்டம் வந்தாலும் ஒரு மூலையில் அது எட்டிப் பார்க்கிறது. அந்தப் பேச்சில் இரவை அளக்கும் படி போத்தல்தான். அந்தப் படியால் அளந்தால் மன்னார் தூங்குமூஞ்சி ஊர். என் கணக்கு வேறு. மன்னாருக்கு இரவு நிறையவே உண்டு. அது மன்னார் நகரத்தில் நடப்பதில்லை, அவ்வளவுதான். இரவை ஐஸ் போட்டு லொறியில் ஏற்றி அனுப்பிவிடுகிறோம்.

மிகைப்படுத்தவில்லை. பேசாலையிலும் தாழ்வுபாட்டிலும் கரைக்கு வரும் பாரை, விளைமீன், கணவாய், இறால் எல்லாவற்றிலும் நல்லது பெட்டிக்குள் போய்விடுகிறது. பேலியகொட மத்திய மீன் சந்தை நள்ளிரவு தாண்டிச் சூடு பிடிக்கும் இடம். அந்த நேரத்துக்கு அங்கே நிற்க வேண்டுமானால் இங்கிருந்து பொழுதோடு புறப்பட வேண்டும். 300 கிலோமீற்றருக்கு மேல் ஓட்டம். சாரதி இராச்சாப்பாட்டை மதவாச்சியிலோ அனுராதபுரத்திலோ சாப்பிடுவார். பிடித்த ஊரில் அடுப்பு அணைந்திருக்கும் நேரத்தில், வாங்கும் ஊரில் விளக்கு எரிகிறது. நீலக்கால் நண்டில் பெரும்பங்கு நாட்டை விட்டே போய்விடுகிறது. மீதமுள்ள ஒன்றிரண்டைக் கடற்கரை விடுதியில் கேட்டால் கொழும்பு விலை சொல்கிறார்கள். சொல்லாமல் என்ன செய்வார்கள், அவர்களும் அந்த விலைக்கு எதிராகத்தானே வாங்க வேண்டும்.

இத்தனைக்கும் இது இரவுக்கென்றே அமைந்த தீவு. இலங்கையின் வறண்ட நிலங்களில் ஒன்று. சித்திரை, வைகாசிப் பகலில் பெரியகடைப் பக்கம் நடந்து பார்த்தவருக்கு நான் விளக்கத் தேவையில்லை. சோளகம் வீசத் தொடங்கினால் மணல் கண்ணை மறைக்கும். பொழுதுபட்ட பிறகுதான் உடம்பு உடம்பாக இருக்கிறது. வெயில் நாடுகளில் கடைத்தெரு மாலையில் கண் விழிப்பதற்குக் காரணம் பண்பாடு என்பதைவிட வியர்வை என்றே சொல்வேன். பெரியகடை, சின்னக்கடை என்று பகுதிகளுக்கே கடையின் பெயரை வைத்திருக்கும் ஊர் ஒன்பது மணிக்குக் கதவை இறக்குவது வெயிலின் தர்க்கத்துக்கு எதிரானது. ஆகவே காரணம் வேறெங்கோ இருக்கிறது.

இந்தக் கடற்கரையின் பழைய இரவுகளில் ஒன்றைச் சொல்கிறேன். தீவுக்குத் தெற்கே அரிப்பு, சிலாவத்துறை, மறிச்சுக்கட்டி. முத்துச் சலாபம் அறிவிக்கப்பட்ட ஆண்டுகளில் வெறும் மணலில் சில வாரங்களுக்குள் ஒரு நகரம் எழும். ஓலைக் கொட்டில்களில் தமிழ்ச் சுழியோடிகள், அரபுச் சுழியோடிகள், மலபார்க்காரர், வட்டிக்காரர், சமையற்காரர், கள்ளர் எல்லோரும். 1906 சலாபத்தில் இளம் அதிகாரியாக வேலை பார்த்த லெனாட் வுல்ஃப் தன் நினைவுநூலில் அந்தப் பல்லாயிரம் பேரின் திடீர் ஊரைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். அந்த நகரத்தின் நாள் நள்ளிரவில் தொடங்கியது. நிலக்காற்றைப் பிடித்துத் தோணிகள் சாமத்தில் கிளம்பும். கடற்காற்றோடு பின்னேரம் திரும்பும். சிப்பிகளை வேலியடைத்த 'கொட்டு'க்குள் கொட்டி, மூன்றில் ஒரு பங்கைச் சுழியோடிகளுக்குக் கொடுத்து, மிச்சத்தை அரசாங்கம் மாலையில் ஏலம் விடும். 1905இல் மட்டும் எட்டுக் கோடிக்கு மேல் சிப்பி எடுத்தார்கள். ஏலம் முடிந்த பிறகு சுழியோடிகளின் கையில் சிப்பி, சிப்பிக்குள் முத்து இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அப்படிப்பட்ட கூட்டம் சும்மா படுத்துத் தூங்கியிருக்குமா? அழுகும் சிப்பியின் நாற்றத்துக்கு நடுவே தேநீரும் சோறும் சூதும் பாட்டும் நடந்த இரவுகள் அவை. 1925க்குப் பிறகு அந்த நகரம் எழவே இல்லை. கண்டு களிக்க இன்று அரிப்பில் ஆளுநர் நோர்த் கட்டிய மாளிகையின் இடிபாடு மட்டும் கடலுக்குள் சரிந்துகொண்டிருக்கிறது.

அடுத்தது ரயில் கொண்டுவந்த இரவு. 1914இல் தலைமன்னார் வரை தண்டவாளம் வந்தது. அந்தப் பக்கம் சென்னையிலிருந்து தனுஷ்கோடி, நடுவில் கப்பல், இந்தப் பக்கம் கொழும்பு. எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியைத் துடைத்துவிட்டது. பிறகு இராமேஸ்வரத்திலிருந்து 'இராமானுஜம்' கப்பல் 1984 வரை ஓடியது. சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் அனுப்பப்பட்ட மலையகத்தவர் பலர் கண்ணீரோடு ஏறியதும் இந்தத் துறையில்தான். மகிழ்ச்சியோ கண்ணீரோ, ஊர் விழித்திருக்க ஒரு காரணம் இருந்தது. கப்பலுக்குக் காத்திருப்பவனுக்குப் பசிக்கும்; பசிப்பவனுக்காக ஒரு கடை திறந்திருக்கும்.

பிறகு 1990. தாம்போதிப் பாலம் தகர்ந்தது, தண்டவாளம் போனது. அதே ஆண்டு ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினார்கள். எருக்கலம்பிட்டியிலிருந்தும் நகரத்திலிருந்தும் மக்கள் தோணிகளில் கற்பிட்டிக் கரைக்குப் போய் இறங்கினார்கள். அரசியல் கட்டுரைகளில் இதை இடப்பெயர்வு எண்ணிக்கையாக எழுதுகிறோம். நான் இங்கே வேறு ஒன்றைப் பார்க்கிறேன்: மூர்வீதியும் உப்புக்குளமும் ஒரே மாதத்தில் காலியானபோது நகரத்தின் அடுக்களையும் அவர்களோடு தோணி ஏறிவிட்டது. மாலைக் கடைத்தெருவின் பராட்டாக் கல், இறைச்சிக் குழம்பு, நோன்புக் காலத்துக் கஞ்சி, பெருநாள் வட்டிலப்பம் எல்லாம் புத்தளத்து அகதி முகாம்களில் அடுப்பேறின. இங்கே மிஞ்சியவர்களுக்கு ஊரடங்கு, தள்ளாடியில் சோதனைச் சாவடி, தீவை விட்டு வெளியேறப் பாஸ். 'பொழுதுபடுமுன்ன வீட்டுக்கு வந்திரு' என்பது அறிவுரையாக இருந்து பழக்கமாகி, பழக்கம் உடம்பில் ஊறிவிட்டது. பாலம் 2010இல் ஜப்பானிய உதவியோடு புதிதாக எழுந்தது. ரயிலை 2015 மார்ச்சில் இந்தியப் பிரதமர் மோடி தலைமன்னாரில் வந்து தொடக்கிவைத்தார். உடம்பில் ஊறியதை யாரும் வந்து தொடக்கிவைக்க முடியாதே.

இன்று கடை வைத்திருக்கும் நானாமார் சிலர் புத்தளத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். உப்பா சொன்ன மன்னாரைத் தேடி வந்தவர்கள். வந்த இடத்தில் காணிச் சண்டை, பதிவுச் சண்டை. அவர்கள் ஏன் பதினொரு மணி வரை கடை திறக்கவில்லை என்று கேட்பதற்கு முன், யார் வந்து உட்காருவார்கள் என்று கேட்க வேண்டும்.

நகரத்துக்குள் நுழையும் இடத்திலேயே இன்னொரு காரணமும் கிடக்கிறது. 2018இல் சதொச கட்டடத்துக்கு அத்திவாரம் தோண்டியபோது மனித எலும்புகள் வந்தன. அகழ அகழ முந்நூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள். புளோரிடாவில் நடந்த கார்பன் ஆய்வு அவை 1404க்கும் 1635க்கும் இடைப்பட்டவை என்றது. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினரும் அவர்களுடைய சட்டத்தரணிகளும் அந்த முடிவோடு திருப்தியடையவில்லை. சாமான் வாங்கப் போகும் இடம் புதைகுழியாகிவிட்ட ஊரில் மாலை உலாவுக்கு வேறு ஒரு கனம் உண்டு. அதை விளம்பரப் பலகையால் மறைக்கலாம் என்று நினைப்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

ஆனாலும் மன்னாருக்கு இரவைக் கொண்டாடத் தெரியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். மகா சிவராத்திரிக்குத் திருக்கேதீச்சரத்துக்கு வந்து பாருங்கள். பாலாவியில் தீர்த்தம் மொண்டு சிவலிங்கத்துக்கு வார்க்க நிற்கும் வரிசை விடிய விடியக் குறையாது. விசேட பஸ், மின்விளக்கு, தண்ணீர்ப் பந்தல், முதலுதவி, பொலிஸ் எல்லாம் ஒழுங்காக இருக்கும். பெண்கள், கிழவிகள், கைக்குழந்தைகள் இரவு முழுக்க வெளியே இருப்பார்கள். ஓகஸ்டில் மடுத் திருவிழாவும் அப்படியே. தவக்காலம் வந்தால் பேசாலையில் பாஸ்கு. முன்னொரு காலத்தில் மாதோட்டப் பாங்கில் வாசாப்பு இரவிரவாக ஓடும். பாயும் தலையணையும் எடுத்துக்கொண்டு குடும்பம் குடும்பமாக மணலில் போய் உட்காருவார்கள், பக்கத்தில் கச்சான்காரியின் சிமினி விளக்கு. (எங்களுக்குக் கச்சான் என்றால் மேல்காற்றும் அதுதான், வறுத்த கடலையும் அதுதான். இரண்டும் இரவில்தான் சுகம்.) கடலுக்குப் போகாத ஞாயிற்றுக்கு முந்திய சனி இரவு ஒன்றுதான் கத்தோலிக்கக் கடற்கரைக் கிராமங்களின் உண்மையான ஓய்வு இரவு. சுற்றுலாத் திட்டம் வரைபவர் எவரும் அந்த நாளைக் குறித்துவைத்ததாக எனக்குத் தெரியவில்லை.

என் வாதம் இங்கேதான் நிற்கிறது. வருடத்தில் இரண்டு மூன்று இரவுகளுக்கு விளக்கும் பஸ்ஸும் கழிப்பறையும் கொடுக்க முடிகிற நிர்வாகத்துக்கு மற்ற இரவுகளுக்குக் கொடுக்க முடியாது என்பதை நம்ப நான் தயாரில்லை. பஸ் நிலையத்திலிருந்து கடற்கரை வரை நல்ல வெளிச்சம். பேசாலைக்கும் தலைமன்னாருக்கும் பத்து மணிக்கு ஒரு கடைசி பஸ். பூட்டுப் போடாத பெண்கள் கழிப்பறை. பிடித்த மீனில் ஒரு பங்காவது ஊரிலேயே விலைப்பட மாலை மீன் சந்தை, பக்கத்தில் சுட்டுக் கொடுக்கும் கடைகள். இவை வந்தால் மதுச்சாலை வேண்டுமா வேண்டாமா என்று பிறகு சண்டை பிடிக்கலாம். அந்தச் சண்டையில் தாய்மாரும் குருமாரும் எந்தப் பக்கம் நிற்பார்கள் என்பது வடக்கில் எல்லோருக்கும் தெரிந்தது. பனங்கள்ளுக்கோ பொழுதுபட்டால் புளிப்பேறிவிடும். அதற்கு இரவு வாழ்க்கை ஒத்துவராது.

பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்ல வேண்டும். அந்த ஒன்பதே கால் மணிக் கடையில் ஒரு பெண்கூட இல்லை. ஏழு மணிக்கும் இருந்திருக்க மாட்டார்கள். வாங்கிக்கொண்டு போகும் பார்சல்தான் அவர்களுடைய வெளிச்சாப்பாடு. ஆனால் கடந்த ஆண்டு ஒரு விநோதம் நடந்தது. 2025 ஓகஸ்டில் காற்றாலைக்கும் கனிய மணல் அகழ்வுக்கும் எதிராக மக்கள் நகர மையத்தில் வந்து உட்கார்ந்தார்கள். தென்கரையில் 2020இல் நிறுவப்பட்ட முப்பது காற்றாலைகள் போதும், இனி வேண்டாம் என்பது அவர்கள் பேச்சு. ஜனாதிபதி வேலையை ஒரு மாதம் நிறுத்திவைத்தார். பிறகு மீண்டும் தொடங்கியது. காற்றாலையின் பாரிய பாகங்கள் பொலிஸ் காவலோடு தாம்போதியைக் கடந்து வந்தது இரவில்தான். செப்டெம்பர் 26 இரவு வீதியில் நின்றவர்களில் தாய்மாரும் இருந்தார்கள். தள்ளுமுள்ளும் அடியும் நடந்தது. பல வருடங்களுக்குப் பிறகு மன்னார் நகரம் நள்ளிரவில் நிரம்பி வழிந்தது அப்படித்தான். தேத்தண்ணி வாளியில் வந்ததாம், பணிசு பெட்டியில் வந்ததாம். காற்றாலையை ஆதரிப்பவர், எதிர்ப்பவர் யாராக இருந்தாலும் அந்த இரவில் ஒன்றைக் கவனித்திருக்கலாம்: உட்காருவதற்குக் காரணம் கிடைத்தால் இந்த ஊர்ப் பெண்களுக்கு இருட்டுப் பயமில்லை.

நண்பருக்கு நான் வாயால் பதில் சொல்லவில்லை. விடியப்புறம் நாலு மணிக்கு எழுப்பி அதே தெருவுக்குக் கூட்டிப் போனேன். கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார். கழுதைகள் மதிலோரம் ஒதுங்கியிருந்தன. ஒரு கடையில் தகரக் கதவு பாதி ஏறியிருந்தது. உள்ளே தேத்தண்ணித் தண்ணீர் கொதிக்கிற ஆவி, சுட்ட ரொட்டி வாசம், கடலுக்குப் புறப்பட்ட நாலைந்து பேர் நின்றபடியே குடித்துக்கொண்டிருந்தார்கள். பிளேன்டீயை ஊதி ஊதிக் குடித்த நண்பர், பக்கத்தில் நின்ற பெரியவரிடம் கேட்டார்: "ஐயா, நல்ல நண்டு எங்க வாங்கலாம்?"

பெரியவர் வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "நேற்றுப் பிடிச்ச நண்டோ? அது இப்ப கொழும்பில நிக்கும், தம்பி."