அமைதித் தீவும் அதன் விலையும்

மேற்கு ஆப்பிரிக்காவில், ஐவரி கோஸ்ட் நாட்டின் பரபரப்பான நகரம் அபிஜான். எதிரே எப்ரியே காயலில் புலே என்றொரு தீவு. நகர நெரிசலில் களைத்தவர்கள் படகேறிப் போய் இளைப்பாறும் இடம். அதைப் பற்றிய பயணக் கட்டுரை ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருந்தபோது மனம் ஆப்பிரிக்காவில் நிற்கவில்லை. இருக்கம் தீவுக்குப் போய்விட்டது.

சென்னையிலிருந்து கொல்கத்தா நெடுஞ்சாலையில் வடக்கே போனால், தமிழக எல்லையைத் தாண்டியதும் தடா. பக்கத்தில் பீமுலவாரிபாளையம் படகுத்துறை. அங்கே படகேறினால் பழவேற்காடு ஏரிக்குள் இருக்கம். ஆந்திர மண்தான், ஆனால் காதில் விழுவது தமிழ். மீனையும் இறாலையும் நண்டையும் நம்பிப் பிழைக்கும் ஜனங்கள். வீட்டில் தமிழ், அரசாங்கத்துக்கு மனு எழுதத் தெலுங்கு. 2022 ஏப்ரல் வரை அவர்களுடைய கலெக்டர் நெல்லூரில் இருந்தார். மாவட்டத்தைப் பிரித்த பிறகு திருப்பதியில் இருக்கிறார். இரண்டு ஊருமே தூரம்தான்.

ஒரு பகல் தங்கிவிட்டுத் திரும்புகிறவருக்குச் சுற்றிலும் உள்ள தண்ணீர் அழகு. பனிக்காலத்தில் பூநாரைகள் வரும். ஹாரன் சத்தம் கிடையாது. நள்ளிரவில் பிரசவ வலி கண்ட பெண்ணுக்கு அதே தண்ணீர் எமனாகலாம். கோடையில் ஏரி வற்றினால் படகு சேற்றில் தட்டும்; மழைக்காலத்தில் காற்று மிரட்டும். தீவுக்காரர்கள் காலங்காலமாகப் பாலம் கேட்டு வந்தது இதனால்தான்.

சூளூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்கு இதே ஏரியின் குறுக்கே சாலை போட முடிந்தது. 2023 ஜூலை 14-ல் சந்திரயான்-3 நிலவுக்குக் கிளம்பியது அந்த ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்துதான். ஆனால் கரை எழுப்பிப் போட்ட அந்தச் சாலை நீரோட்டத்தைக் குறுக்கிவிட்டது என்பது சூழலியலாளர்களின் நெடுநாள் புகார். சராசரி ஆழம் சுமார் 1 மீட்டரே உள்ள ஏரி இது. முகத்துவாரம் மணலால் தூர்ந்தாலே மீன்வரத்து குறையும்.

ஆகவே இருக்கத்துக்கு ஏற்றது தூண்களின் மேல் நிற்கும் பாலம். அடியில் நீரும் படகும் தடையின்றிப் போகவேண்டும். பறவைச் சரணாலயத்துக்குள் எதைக் கட்டவும் 1972-ன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி தேவை. அந்தப் பரிசீலனை நடக்கட்டும். ஆனால் அது தலைமுறைக் கணக்கில் இழுக்கக்கூடாது. பறவையைக் காட்டி மனிதரைக் காக்கவைப்பது நியாயமில்லை. சாலைக்காக மீனவரின் ஏரியைப் பலியிடுவதும் நியாயமில்லை.

புலே தீவுக் கட்டுரையில் 'அமைதி' என்ற சொல்லை எழுதிவிட்டுப் பேனாவை வைத்தேன். அங்கே குடியிருப்பவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதைப் பற்றி அந்தக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.