பேக் ஆடும் பையனுக்குக் கொஞ்சம் டைம் கொடுங்கள்



2025 கடைசியில் ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி சென்னையிலும் நம் பக்கத்து மதுரையிலும் நடந்தது. இந்தியாவுக்கு வெண்கலம். அதிலிருந்து, ஹாக்கி மட்டை தூக்கும் பையன் இருக்கிற வீடுகளில் எல்லாம் ஒரே பேச்சு: "லீக் ஏலத்துல தம்பி எவ்வளவுக்குப் போவான்?"

கேட்கத் தோன்றும்தான். 2024 அக்டோபரில் நடந்த ஹாக்கி இந்தியா லீக் ஏலத்தில் ஹர்மன்பிரீத் சிங்கை 78 லட்சத்துக்கு எடுத்தார்கள். அவரும் பேக், அதாவது தற்காப்பு ஆட்டம், ஆடுகிறவர். ஆனால் அதே ஏலத்தில் அடிப்படை விலை 2 லட்சத்திலும் இருந்தது. ஆண்கள் லீக் நடந்ததோ டிசம்பர் 28 முதல் பிப்ரவரி 1 வரைதான். அந்தப் பணத்தை நம்பி வீட்டுக் கடனுக்கு இஎம்ஐ போட முடியுமா?

இன்னொன்றும் இருக்கிறது. 2017-ல் நின்றுபோன இந்த லீக், மறுபடி தொடங்கியது 2024 டிசம்பரில். 18 வயதில் அதை மட்டுமே நம்பியிருந்த பையனுக்கு இதற்குள் 25 ஆகியிருக்கும்.

அந்த ஏலத்தில் நம் தமிழ்நாடு டிராகன்ஸ் 48 லட்சம் கொடுத்து வாங்கிய அமித் ரோஹிதாஸைப் பாருங்கள். ஒடிசாவின் சுந்தர்கர் மாவட்டத்துக் கிராமத்துப் பிள்ளை. 2013-ல், இருபது வயதில், இந்திய சீனியர் அணியில் இடம் பிடித்தார். பிறகு இடம் போனது. திரும்பி வர 2017 ஆனது. டோக்கியோ ஒலிம்பிக் வெண்கலம் கிடைத்தபோது வயது 28. நடுவில் அந்த வீட்டில் யாராவது "போதும்பா, வேற வேலையைப் பாரு" என்று சொல்லியிருந்தால்?

எதிரணிக்கு பெனால்டி கார்னர் கிடைத்தால், கோல் கம்பத்திலிருந்து முதலில் பாய்ந்து போகிறவர் அவர். நூறு கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்துக்குத் தன் உடம்பைக் குறுக்கே கொடுக்கிற வேலை. எந்த நொடியில் கிளம்புவது, எந்தப் பக்கம் மட்டையை வைப்பது என்பதெல்லாம் அடிபட்டு அடிபட்டு வருவது. அதனால்தான் பேக் ஆடுகிறவர்கள் பெரும்பாலும் தாமதமாகத்தான் பழுக்கிறார்கள். பையன் வீட்டுக்கு வந்ததும் "எத்தனை கோல் போட்ட?" என்று கேட்காதீர்கள். அது அவன் வேலையே இல்லை!

அனுபவம் வந்த பிறகும் சறுக்கும். 2024 பாரிஸ் ஒலிம்பிக் காலிறுதியில் ரோஹிதாஸுக்கு ரெட் கார்டு. பத்து பேரை வைத்துக்கொண்டே இந்தியா ஜெயித்தது. தடை காரணமாக அவர் ஆடாத அரையிறுதியில் ஜெர்மனியிடம் 2-3 என்று தோற்றது. அப்படிப்பட்டவரைத்தான் இரண்டே மாதத்தில் 48 லட்சத்துக்கு எடுத்தார்கள். உங்கள் பையன் ஒரு மேட்சில் சொதப்பியதற்கு வீட்டில் மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது நியாயமா?

படிப்பை மட்டும் விட வேண்டாம். தமிழக அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இடம் உண்டு. ரயில்வேயிலும் ஸ்போர்ட்ஸ் கோட்டா உண்டு. அங்கே படிப்பையும் பார்ப்பார்கள், எந்தப் போட்டியில் ஆடினான் என்பதையும் பார்ப்பார்கள். அவன் வாங்கி வருகிற சர்டிஃபிகேட்டை எல்லாம் டிவி ஸ்டாண்டில் போட்டு வைக்காமல் ஒரு ஃபைலில் பத்திரப்படுத்துங்கள், அம்மாக்களே. ஜெராக்ஸும் இரண்டு செட் எடுத்து வையுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்