பானெட்டுக்குள் ஒரு இன்ஜின், ஆர்.சி.யில் வேற இன்ஜின்... பழைய கான்டெசா வாங்கப் போறீங்களா?

ராத்திரி பதினோரு மணிக்கு ரீல்ஸ் தள்ளிக்கிட்டே போகும்போது அது கண்ணில் படும். கறுப்பு கான்டெசா, அகலமான டயர், உறுமுற சைலன்ஸர். கீழே ஒரு வரி: 'இன்ஜின் மாத்தினது, எஃப்.சி. கரன்ட், எமிஷன் பாஸ்.' விலையும் கைக்கு எட்டுற மாதிரிதான் இருக்கும். காரைக்காலில் உட்கார்ந்துகொண்டு, கும்பகோணத்திலோ திருச்சியிலோ நிற்கும் அந்த வண்டிக்கு நீங்கள் மெசேஜ் தட்ட ஆரம்பிப்பீர்கள்.

கொஞ்சம் நில்லுங்க. அந்த 'எமிஷன் பாஸ்' பொய்யாக இருக்கணும்னு அவசியம் இல்லை. அது நிஜமாகவே இருந்தாலும் வண்டி மாட்டும் என்பதுதான் விஷயம்.

நம்ம ஊரில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் என்று தேடினால் உண்மையான ஸ்போர்ட்ஸ் கார் கிடைப்பது அபூர்வம். அந்த ஆசைக்கு நாம் பிடித்துவைத்திருப்பது கான்டெசா, திருவள்ளூரில் தயாரான லான்சர், பழைய ஹோண்டா சிட்டி வி-டெக் மாதிரியான வண்டிகள். இதில் கான்டெசா கதை தனி. 1984-ல் இந்துஸ்தான் மோட்டார்ஸ் அதைக் கொண்டுவந்தபோது உள்ளே இருந்தது அம்பாசடரின் 1,489 சிசி இன்ஜின். மசில் கார் உடம்பு, மாட்டு வண்டி வேகம். பிறகு கம்பெனியே 1,817 சிசி இசுஸு பெட்ரோல் இன்ஜினைப் போட்டு விற்றது. டீசலும் வந்தது. 2002 வாக்கில் தயாரிப்பு நின்றது.

அதனால் இசுஸு இன்ஜினோடு நிற்கும் இரண்டு கான்டெசாக்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஒன்று கம்பெனியிலேயே அப்படி வந்ததாக இருக்கும்; இன்னொன்று பழைய வண்டியில் யாரோ பின்னாடி ஏற்றியதாக இருக்கும். ஓட்டிப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஆர்.சி.யைப் பார்த்தால் தெரியும். அதில் இன்ஜின் எண்ணும் சிசியும் எரிபொருளும் தனித்தனியாக இருக்கும்.

முதலில் புகை டெஸ்ட்டைப் பார்த்துவிடலாம். பெட்ரோல் காருக்கு ஐட்லிங்கில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும் அளப்பார்கள். வரம்பு எல்லா வண்டிக்கும் ஒன்று கிடையாது. பாரத் ஸ்டேஜ் 2-க்கு முந்தைய கார் என்றால் 3 சதவிகிதம் கார்பன் மோனாக்சைடு, 1,500 பிபிஎம் ஹைட்ரோகார்பன் வரை போகலாம். பாரத் ஸ்டேஜ் 4 கார் என்றால் 0.3 சதவிகிதம், 200 பிபிஎம். பத்து மடங்கு இறுக்கம்! எந்த வரம்பு பொருந்தும் என்பதைத் தீர்மானிப்பது ஆர்.சி.யில் இருக்கும் வருஷமும் தரமும்தான். பானெட்டுக்குள் என்ன இருக்கிறது என்று டெஸ்ட் சென்டரில் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. எனவே 1995 கான்டெசாவில் நல்ல ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் இன்ஜினை ஏற்றினால், 3 சதவிகித வரம்பை அது தூங்கிக்கொண்டே தாண்டும்.

ஒரே ஒரு இடத்தில் புகை டெஸ்ட்டே காட்டிக்கொடுக்கும். ஒரு காலத்தில் பெட்ரோல் அம்பாசடரில் டீசல் இன்ஜின் ஏற்றி ஓட்டினார்களே, அந்த மாதிரி வண்டி. டீசலுக்கு டெஸ்ட்டே வேறு, புகையின் அடர்த்தியை அளப்பார்கள். ஆர்.சி.யில் பெட்ரோல், உள்ளே டீசல் என்று இருக்கும் வண்டிக்கு 'பாஸ்' பேப்பர் காட்டினால், அந்தப் பேப்பர் எப்படி வந்தது என்று நீங்களே யோசிச்சுக்குங்க. புகைச் சான்றிதழ் இல்லாமல் ஓட்டினால் சட்டப்படி 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் லைசென்ஸ் பறிபோகும்.

நிஜமான மாட்டல் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவில் இருக்கிறது. தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து ஆர்.சி. விவரம் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது அது. 2019 ஜனவரியில் கேரளத்து வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் இதையே அழுத்திச் சொன்னது. அதே வருஷம் வந்த திருத்தத்தில் தண்டனையும் ஏறியது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

இன்ஜின் பழுதாகி, அதே மாடலின் அதே வகை இன்ஜினைப் போட்டால் ஆர்.டி.ஓ. அனுமதியோடு புது எண்ணை ஆர்.சி.யில் ஏற்றிக்கொள்ளலாம். சி.என்.ஜி. கிட்டுக்கு வழி உண்டு. அங்கீகரிக்கப்பட்ட கிட்டாக இருந்தால் எலெக்ட்ரிக்காகக்கூட மாற்றலாம். எஸ்டீமில் பலேனோவின் 1,590 சிசி இன்ஜினை ஏற்றுவதற்குத்தான் வழி இல்லை. இத்தனைக்கும் இரண்டுமே மாருதி வண்டிகள்!

'யாருங்க பானெட்டைத் திறந்து பார்க்கப்போறாங்க?' என்று விற்பவர் சிரிப்பார். பார்ப்பாங்க. தனியார் காருக்கு 15 வருஷம் முடிந்தால், அதன் பிறகு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஆய்வுக்குக் காட்டிப் பதிவைப் புதுப்பிக்கணும். இன்றைக்கு ஓடும் எந்தக் கான்டெசாவும் இதிலிருந்து தப்பாது. 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 வருஷம் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்ட்டில் 10,000 ஆக்கிவிட்டார்கள். அவ்வளவு கட்டிவிட்டு, ஆய்வாளர் முன்னால் இன்ஜின் எண் பொருந்தாமல் நிற்பதை நினைத்துப் பாருங்கள்.

காரைக்கால்காரர்களுக்கு இன்னொரு ஆய்வும் சேர்ந்துகொள்ளும். தமிழ்நாட்டு வண்டியை வாங்கினால் அந்த ஊர் ஆர்.டி.ஓ.விடம் என்.ஓ.சி. வாங்கி, இங்கே கொண்டுவந்து, சேஸிஸ் எண்ணைப் பென்சில் பிரிண்ட் எடுத்து, வரி கட்டி, பிஒய்-02 எண் வாங்கணும். நம்ம கடல் காத்துக்கு சேஸிஸ் எண் அடித்த தகடே துருப்பிடித்து உதிர்ந்திருக்கலாம், அதையும் பார்த்துக்குங்க. சரி, மாற்றாமலே டி.என். நம்பரில் ஓட்டிக்கலாம் என்றால், 12 மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்தால் புது எண் கட்டாயம். பூவம் தாண்டினால் தரங்கம்பாடி, வாஞ்சூர் தாண்டினால் நாகூர். ஒரு சின்ன ரவுண்டு போனாலே இரண்டு அரசுகளின் சோதனைக்குள் போய் வருகிறீர்கள். 2017-ல் கேரளத்துச் சொகுசு கார்கள் போலி முகவரியில் புதுச்சேரி நம்பர் வாங்கி வரி ஏய்த்ததாக வழக்குகள் வந்த பிறகு, பிஒய் பலகையைக் கண்டால் வெளியூரில் ஒரு பார்வை கூடுதலாகவே விழுகிறது. திருநள்ளாறில் எள் தீபம் போடலாம், தப்பில்லை, ஆர்.சி. எண் அதனால் மாறாது.

இந்தச் சட்டத்தில் எனக்கு உடன்பாடில்லாத இடம் ஒன்று உண்டு. கார்புரேட்டரில் கரும்புகை கக்கும் அசல் இன்ஜின் சட்டப்படி சரி. அதே உடம்பில் சுத்தமான புது இன்ஜின் குற்றம். கலிஃபோர்னியாவில் புகை விதிகள் நம்மைவிடப் பல மடங்கு கறார். அங்கேகூட வழி இருக்கிறது. வண்டியைவிடப் பழைய இன்ஜின் கூடாது, அந்த இன்ஜினோடு வந்த மாசுக் கட்டுப்பாட்டுக் கருவிகள் எல்லாம் இருக்கணும், 'ரெஃப்ரீ' என்கிற அதிகாரி பார்த்து ஸ்டிக்கர் ஒட்டித் தருவார். பிரான்ஸிலும் இன்ஜின் மாற்றிய வண்டியைத் தனியாக ஆய்வுசெய்து ஒப்புதல் தரும் முறை இருக்கிறது. அங்கே இருக்கும் மாமாவைக் கேட்டுப் பாருங்கள், காரைக்காலில் அப்படி ஒரு மாமா இல்லாத தெரு ஏது? பாஸோ ஃபெயிலோ, அளந்து பார்த்துச் சொல்ல ஓர் ஆள் இருக்கிறார். நம்மிடம் அந்த நாற்காலியே இல்லை. அது வரும்வரை பணத்தைப் போடுவது நீங்கள்தான்.

50 வருஷம் ஆனால் விண்டேஜ் பதிவு கிடைக்குமே என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். முதல் கான்டெசாவுக்கே அது 2034-ல்தான். தவிர, 2021-ல் வந்த அந்த விதி, சேஸிஸும் பாடியும் இன்ஜினும் பெரிதாக மாறாமல் அசலாக இருக்கும் வண்டிக்கு மட்டும்தான்.

ஆக, அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஆர்.சி.யைக் கையில் வைத்துக்கொண்டு, டார்ச் அடித்து இன்ஜின் பிளாக்கில் அடித்திருக்கும் எண்ணை ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிடுங்கள். சிசியையும் எரிபொருளையும் பாருங்கள். மாற்று இன்ஜின் சென்னை புதுப்பேட்டையில் வாங்கியது என்றால் பில் கேளுங்கள். திருட்டு வண்டியின் இன்ஜினாக இருந்தால் போலீஸ் உங்களைத்தான் தேடி வரும். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு இன்ஜின் மாற்றியதைச் சொல்லியிருக்கிறார்களா என்றும் கேளுங்கள். சொல்லாத மாற்றம், விபத்தில் உங்கள் க்ளெய்மை மறுக்க அவர்களுக்கு நல்ல காரணம்.

ஆசை விடவே இல்லையா? கம்பெனியிலேயே இசுஸு போட்டு வந்த கான்டெசாவாகத் தேடுங்கள், விலை கூடுதலாக இருந்தாலும். ஏற்கெனவே மாற்றின வண்டி உங்கள் வீட்டு வாசலில் நின்றால், பழைய இன்ஜின் எங்கே என்று விற்றவரிடம் இன்றைக்கே கேளுங்கள். பல ஷெட்டுகளில் அது ஒரு மூலையில் கிடக்கும், பழைய இரும்புக்குப் போடுவதற்கு முன்னால் போய் எடுத்துவிடலாம். ஸ்வாப் வண்டியையேதான் ஓட்டிப் பார்க்கணும் என்றால், லாரியில் ஏற்றி இருங்காட்டுக்கோட்டைக்கோ கோவை கரி ஸ்பீட்வேக்கோ கொண்டுபோங்கள். அங்கேயும் ட்ராக் டே விதிகளை முன்கூட்டியே கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.